கோதுமையும் ஒரு கொங்கு நாட்டு மந்திரியும்

பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பமொன்றில் 1910-ஆம் ஆண்டு பிறந்து, பௌதிகமும் சட்டமும் பயின்று, சுதந்திரப் போராட்டத்தில் சிறைவாசம் அனுபவித்து, அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர் சி. சுப்பிரமணியம். 1954-இல் சென்னை ராஜ்யத்தின் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். அந்தக் காமராஜரே அவரைத் தம் மந்திரிசபையில் அமர்த்திக்கொண்டு கல்வி இலாகாவை ஒப்படைத்தார். ஏழைக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்த மதிய உணவுத் திட்டம் தழைத்தது அக்காலத்தில்தான்.

1962-இல் டில்லி சென்று உருக்கு இலாகாவை நடத்திய அவரிடம், 1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி உணவு, விவசாய இலாகாவைக் கொடுத்தார். அமெரிக்கக் கப்பல் துறைமுகம் சேர்ந்தால்தான் நகரத்து ரேஷன் கடையில் தானியம் கிடைக்கும் என்ற பரிதாபமான நிலையில் அப்போது தேசம் இருந்தது. மழை பொய்த்த 1966-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று.

அக்காலத்து நம் நாட்டுக் கோதுமை உயரமாக வளர்வது. உரம் இட்டால் கதிர் கனத்துத் தாள் சாய்ந்துவிடும். விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்ஸிகோவில் உருவாக்கிய குட்டை ரகமோ, அதிக உரமிட்டாலும் கதிரைத் தாங்கி நிமிர்ந்து நிற்கும். எம்.எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் இதை எடுத்துரைக்க, மந்திரி செவிசாய்த்தார். அந்நியச் செலாவணி விரயமாகும் என்று நிதி இலாகாவும், அந்நியரை அண்டி வாழ நேரும் என்று இடதுசாரிகளும் ஆட்சேபித்தபோது, வாதத்தோடு நில்லாமல், உழவர் நிலங்களிலேயே செய்விளக்கப் பயிர் வைக்கச் செய்து, டில்லியில் தம் இல்லத்துப் புல்தரையையும் உழுது அந்தக் கோதுமையை விதைத்தார். 1966-இல் 18,000 டன் விதை கடல் கடந்து வந்தது. உழவனுக்கு நியாய விலை கிடைக்கும் பொருட்டு விலைக் கமிஷனும், 1965-இல் தஞ்சாவூரில் முதல் ஜில்லா அலுவலகத்தைத் திறந்த இந்திய உணவுக் கழகமும் அவர் காலத்தில் தோன்றியவையே.

இதனிடையே, 1965-இல் ஹிந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்தபோது அவர் பதவியை ராஜினாமாச் செய்தார். பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. எனினும் 1967 பொதுத்தேர்தலில், அரிசிப் பஞ்சமும் மொழிப் பிரச்சினையும் காங்கிரஸைச் சாய்த்தபோது, அவரும் தோல்வியுற்றார். மறு ஆண்டே பஞ்சாபில் வரலாறு காணாத விளைச்சல். 1964–65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி 1970–71-இல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. களத்தில் நெல்லளக்கும் நாளில் விதைத்தவன் ஊரில் இல்லாததைப் போன்றது அது.

1971-இல் மீண்டும் வெற்றிபெற்று, திட்ட மந்திரியாகவும் நிதி மந்திரியாகவும், பின்னர் பாதுகாப்பு மந்திரியாகவும், மகாராஷ்டிர கவர்னராகவும் பணிபுரிந்து, 1998-இல் பாரத ரத்னம் பெற்று, 2000-இல் அவர் மறைந்தார். அந்தக் கோதுமை கொண்டுவந்த பசுமைப் புரட்சியின் விளைவாக நிலத்தடி நீர் வறண்டதும், மண் உரத்துக்கு அடிமையானதும் உண்மை. அவற்றைத் திருத்துவது நம் தலைமுறையின் கடமை. ஆயினும் பசித்த ஜனங்களுக்குச் சோறு தேடிய அந்த மந்திரி, அடுத்த தேர்தலைக் கருதாமல் அடுத்த போகத்தைக் கருதினார் என்பதை, உண்ணும் ஒவ்வொரு பிடியிலும் நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.