அணு அடுப்பின் சாம்பல்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

அடுப்பு என்று ஒன்று இருந்தால் சாம்பல் என்று ஒன்று இருந்தே தீரும். விறகடுப்பானாலும் நிலக்கரி உலையானாலும் இதுவே விதி. அணு உலைக்கும் இவ்விதியிலிருந்து விலக்கு இல்லை. ஆயினும் நம் பாடநூல்கள் யுரேனியம் பிளப்பதையும், தொடர்வினையையும், ஐன்ஸ்டீனின் சமன்பாட்டையும் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, பிளந்தபின் எஞ்சுவது என்ன ஆகிறது என்பதை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. அந்த ஓரிரு வரிகளைச் சற்றே விரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு கார்பன் அணு எரியும்போது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கிடைக்கிறது. ஒரு யுரேனியம்-235 அணுக்கரு பிளந்தால் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். ஐந்து கோடி மடங்கு! இதனால்தான் 1000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் நிலக்கரியை விழுங்க, கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1000 மெகாவாட் அணு உலையிலிருந்து ஆண்டுக்கு இருபது முப்பது டன் பயன்படுத்திய எரிபொருள் மட்டுமே வெளியே வருகிறது. நம் நாட்டு நிலக்கரியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே நின்றுவிடுவதுண்டு.

அப்படியானால் அணுவின் சாம்பல் அற்பமானதுதானே? எடையில் அற்பம், உண்மை. ஆனால் நிலக்கரிச் சாம்பல் ஆறிவிடும், இது ஆறாது. உலையை நிறுத்திய கணத்திலும் அதன் வெப்ப ஆற்றலில் ஆறேழு விழுக்காடு, கதிரியக்கச் சிதைவினால் வந்துகொண்டேயிருக்கும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் நின்றபிறகுதான் உருகின என்பதை நினைவிற்கொள்க. எனவே எரிபொருட் கோல்களை வெளியே எடுத்ததும் பல ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆழ்த்தியே வைக்கிறார்கள்.

என் தந்தையார் அரிசி ஆலையொன்றில் கொதிகலனுக்கு உமி தள்ளும் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறையில் ஒருநாள் அணுமின் நிலையத்தைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான் தம்பி, சாம்பலை எங்க கொட்டுவாங்க?" என்றார். 2011, 2012 ஆண்டுகளில் இடிந்தகரை மீனவ மக்கள் கேட்ட கேள்விகளிலும் இது ஒன்று. படிக்காதவர்களின் அச்சம் என்று அப்போது அதை ஒதுக்கியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அணு உலையைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளில் தலையாயது இதுவே என்பேன். அதற்கு ஏளனமன்று, எண்களே விடையாக வேண்டும்.

கூடங்குளத்து வகை உலையின் பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்துப் பார்த்தால், அதில் சுமார் 95 விழுக்காடு யுரேனியமாகவே இருக்கிறது. ஒரு விழுக்காடு புளூட்டோனியம். மூன்று நான்கு விழுக்காடு, பிளவில் தோன்றிய சீசியம், ஸ்ட்ரான்ஷியம் முதலியன. நெப்டூனியம், அமெரிசியம், கியூரியம் ஆகியவை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. எல்லாம் ஒரே கோலுக்குள் கலந்து கிடக்கின்றன. ஆனால் இவற்றின் ஆயுள் ஒன்றுபோல் இல்லை. இங்கேதான் விஷயமே அடங்கியிருக்கிறது.

சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டுகள். ஸ்ட்ரான்ஷியம்-90-க்கு 29. பத்து அரை ஆயுட்காலம் கழிந்தால் எஞ்சுவது 1024-இல் ஒரு பங்கு. அதாவது 300 ஆண்டுகள். தரங்கம்பாடியில் டேனியர் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை நானூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிட்டது. எனவே 300 ஆண்டு என்பது மனிதர் கட்டிக் காக்கக்கூடிய காலமே. புளூட்டோனியம்-239-ஐப் பாருங்கள். அரை ஆயுட்காலம் 24,100 ஆண்டுகள். பத்து மடங்கு என்றால் 2 லட்சத்து 41 ஆயிரம் ஆண்டுகள்! மனித இனமே தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. எந்த அரசாங்கம், எந்த மொழியில் எச்சரிக்கைப் பலகை எழுதி வைப்பது?

ஆகவே அணுக்கழிவு என்பது ஒரு சிக்கல் அன்று, இரண்டு சிக்கல்கள். ஒன்று நூற்றாண்டுகளில் அடங்குவது, மற்றொன்று லட்சக்கணக்கான ஆண்டுகளிலும் அடங்காதது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், முழு மூட்டையையும் நெடிய கணக்கில்தான் காக்க வேண்டியிருக்கும். பிரித்துவிட்டால்?

பிரிக்கும் முறை புதியதன்று. கோல்களை நறுக்கி நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். மண்ணெண்ணெய் போன்றதொரு திரவத்தில் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டைச் சேர்த்து அந்த அமிலத்தோடு கலக்கினால், யுரேனியமும் புளூட்டோனியமும் எண்ணெய்ப் பக்கம் ஏறிக்கொள்ள, மற்றவை அமிலத்திலேயே தங்கிவிடும். நம் வேதியியல் ஆய்வகத்தில் பிரிபுனலில் செய்வதே. இங்கே அடர்ந்த சுவருக்கு அப்பாலிருந்து செய்கிறார்கள், அவ்வளவுதான். டிராம்பேயில் இவ்வேலை 1964-லேயே தொடங்கிவிட்டது. இம்முறை அமெரிக்காவில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் எடுக்கவே வளர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த அவசரத்தில் மிஞ்சிய திரவக் கழிவை ஹேன்ஃபோர்டு என்னுமிடத்தில் 177 நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பினார்கள். அவற்றுட் பல கசிந்தன. கதிரியக்கத்தைத் திரவமாக விட்டுவைக்கலாகாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

திரவத்தை எப்படித் திடமாக்குவது? அதற்குக் கண்டறிந்த விடை நம் வீட்டு அலமாரியில் இருப்பதே. கண்ணாடி! கழிவுத் திரவத்தின் நீரை வற்றச் செய்து, மணற்சத்தான சிலிக்காவும் போரானும் கலந்த பொருளோடு சேர்த்து 1000 டிகிரி சென்டிகிரேடு அளவில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலங்களில் ஊற்றி உறையவிடுகிறார்கள். பிரான்சிலுள்ள மார்கூலில் 1978-ல் இது தொழிலளவில் நடைபெறத் தொடங்கியது. நம் நாட்டில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கான ஆலைகள் அமைந்தன.

கண்ணாடி ஏன்? படிகம் ஒன்றில் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கும். அவ்வரிசைக்கு ஒவ்வாத அணுவுக்கு அங்கே இடமில்லை. கண்ணாடிக்கு அத்தகைய ஒழுங்கு இல்லை. சிலிக்கனும் ஆக்சிஜனும் தாறுமாறாகப் பின்னிய வலை அது. கழிவிலுள்ள முப்பது நாற்பது தனிமங்களும் வலையின் இடைவெளிகளில் இடம்பிடித்துப் பிணைந்துகொள்கின்றன. கடலைமிட்டாயில் கடலை பாகுக்குள் ஒட்டி நிற்பதுபோல் அன்று. நீரில் உப்புக் கரைவதுபோல், கழிவே கண்ணாடியாகிவிடுகிறது. கலம் உடைந்தாலும் உள்ளிருப்பது கொட்டிவிடாது. ஆனால் எல்லாத் தனிமங்களும் இந்த விருந்தோம்பலுக்கு இசைவதில்லை. டிராம்பேக் கழிவிலிருந்த சல்பேட்டு வழக்கமான கண்ணாடியில் கரைய மறுத்தது. பேரியம் சேர்த்த வேறொரு கண்ணாடியை நம் விஞ்ஞானிகள் அதற்கென உருவாக்க வேண்டியிருந்தது.

கண்ணாடி எத்தனை காலம் நீரைத் தாங்கும்? ஆய்வகத்தில் ஆயிரம் ஆண்டு காத்திருக்க முடியாது. எனவே விஞ்ஞானிகள் பழங்கண்ணாடிகளைத் தேடிப் போனார்கள். பிரான்சின் எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலொன்றின் கண்ணாடி 1800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்திருக்கிறது. அதன் விரிசல்களுக்குள் நீர் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளந்து, கணக்கீட்டு முறைகளைச் சரிபார்த்தார்கள். நமக்குக் கப்பல் வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு மண்ணிலிருந்து எடுத்த கண்ணாடி மணிகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை. இன்றும் நிறம் மாறாதிருக்கின்றன.

இன்னொரு சாட்சியை இயற்கையே வைத்திருக்கிறது. 1972-ல் பிரெஞ்சு ஆலையொன்றில், ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தைச் சோதித்தபோது, யுரேனியம்-235-இன் பங்கு 0.720 விழுக்காட்டுக்குப் பதில் 0.717 ஆக இருந்தது. மூன்றாம் தசம இடத்துப் பிசகு. நாமாக இருந்தால் சோதனைப் பிழை என்று எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போயிருப்போம்! அவர்கள் விடவில்லை. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியம்-235 இன்றைவிடச் செறிவாக இருந்த காலத்தில், நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்க, அந்தத் தாதுப்படுகை தானாகவே அணு உலையாக இயங்கியிருக்கிறது என்று தெரியவந்தது. அங்கே உண்டான புளூட்டோனியம் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ஆனால் சீசியம் போன்ற நீரில் கரையும் தனிமங்களில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ஓக்லோவை மேற்கோள் காட்டுவோர் பலர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பாறையை நம்பிய நாடு ஃபின்லாந்து. அங்கே ஒல்கிலுவோட்டோவில் 2004-ல் தோண்டத் தொடங்கி, 400 மீட்டருக்கும் கீழே, 190 கோடி ஆண்டுப் பழமையான பாறைக்குள் சுரங்கம் அமைத்திருக்கிறார்கள். கோல்களைப் பிரிக்காமல் அப்படியே செம்புக் கலங்களில் இட்டு, சுற்றிலும் நீர்பட்டால் உப்பிக்கொள்ளும் பென்டோனைட் களிமண்ணை அடைத்துவிடுவது திட்டம். பிரித்தெடுக்கும் செலவும் தொல்லையும் இல்லை. மாறாக, நெடிய கணக்கு முழுவதையும் பாறையின் தலையில் வைக்கிறார்கள்.

நம் நாடு தேர்ந்தது வேறு வழி. புளூட்டோனியத்தைக் கழிவென்று எண்ணாமல் எரிபொருளாகவே கொள்வது. கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை இவ்வழியின் முதற்படி. அதன் எரிபொருளை மறுபடி பிரிக்கும் செயல்முறை ஆலை 2024 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வேகம் குறையாத நியூட்ரான்கள் மோதினால் அமெரிசியமும் நெப்டூனியமும்கூடப் பிளந்துபோகும். லட்சம் ஆண்டு வாழக்கூடியது சில நூறு ஆண்டுகளில் அடங்கும் தனிமங்களாக மாறும். பெரும்பகுதி என்றுதான் சொல்லலாம். பிளவில் பிறக்கும் டெக்னீசியம்-99-க்கு 2 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அரை ஆயுட்காலம். அயோடின்-129-க்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் அதிகம்.

இயற்பியல் இவ்வழியைத் தடுக்கவில்லை என்பது தெளிவு. அதற்காகச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகச் சில மேடைகளில் பேசப்படுவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிசியம் போன்றவற்றைத் தொழிலளவில் எரித்துக் காட்டிய நாடு இதுவரை ஒன்றும் இல்லை. பிரித்தெடுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கையுறை முதல் கரைப்பான் வரை புதிய கழிவும் சேர்கிறது. என் தந்தையாருக்கு இன்று விடை சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: பாதிச் சாம்பலுக்கு வழி தெரியும், மீதிக்கு வழி இருக்கிறது என்று தெரியும்.

சாம்பலே இல்லாத அணு அடுப்பு கிடையாதா? அணுக்கரு இணைவு அத்தகையது என்பார்கள். ஹைட்ரஜனின் வகைகளான டியூட்டிரியமும் டிரிட்டியமும் இணைந்தால் ஹீலியமும் ஒரு நியூட்ரானும் பிறக்கின்றன. ஹீலியம் சாதுவான வாயு. சீசியம் இல்லை, புளூட்டோனியம் இல்லை. டிரிட்டியம் கதிரியக்கமுடையதுதான், ஆனால் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகளே. இங்கிலாந்தின் ஜெட் கருவி 2023-ல் வெறும் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். அந்த லேசரை உண்டாக்கவே சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று என்பதைச் செய்தித்தாள்கள் சிறிய எழுத்தில் போட்டன.

ஆனால் அந்த நியூட்ரான் இருக்கிறதே, அது 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு சுவரைத் துளைக்கிறது. சுவரின் எஃகிலுள்ள அணுக்கள் அதை விழுங்கித் தாமே கதிரியக்கமுடையனவாகின்றன. அடுப்பில் சாம்பல் இல்லை, அடுப்பே சாம்பலாகிறது! எனினும் இரண்டு அடுப்புகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யுரேனியம் பிளந்தால் இன்னின்ன துண்டுகளாகத்தான் உடைய வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. சுவரை எதனால் செய்வது என்பதோ நம் கையில் இருக்கிறது. எஃகில் வலிமைக்காகச் சேர்க்கும் நியோபியம் நியூட்ரானை ஏற்றால் நியோபியம்-94 ஆகும். அதன் அரை ஆயுட்காலம் 20,000 ஆண்டுகள். எனவே நியோபியத்தையும் மாலிப்டினத்தையும் விலக்கி, டாண்டலமும் டங்ஸ்டனும் சேர்த்துப் புதிய எஃகு வார்க்கிறார்கள். நூறாண்டு அளவில் கதிரியக்கம் வெகுவாகத் தணிந்துவிட வேண்டும் என்பதே குறி.

இத்தகைய எஃகை நம் நாட்டிலும் உருவாக்கியிருக்கிறார்கள். காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனமும், கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும், ஐதராபாத்தின் மிதானி ஆலையும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் குரோமியம் 9 விழுக்காடு, டங்ஸ்டன் 1.4, டாண்டலம் 0.06. அதாவது ஒரு டன் எஃகுக்கு 600 கிராம் டாண்டலம். தொல்லை என்னவென்றால், தாதுவிலேயே டாண்டலமும் நியோபியமும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டிக்கொண்டு கிடைக்கின்றன. ஒன்றை அழைத்தால் மற்றொன்றும் கூடவே வரப் பார்க்கும். அதை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதுதான் இந்த எஃகை வார்ப்பவர்களின் பெரும்பாடு.