கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி முன்பே காட்டியிருக்கும் அறிகுறிகள்

சாவியைத் திருப்பினால் "டக் டக்" சத்தம் மட்டும் வருகிறது. டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு!" என்று தோன்றும். ஆனால் பேட்டரி பெரும்பாலும் ஒரே இரவில் கெடுவதில்லை.

பேட்டரியின் வேலை என்ன?

இன்ஜினை முதலில் சுழற்றிவிடச் சில விநாடிகளுக்கு அதிக மின்சாரம் தருவதுதான் முக்கிய வேலை. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மீண்டும் சார்ஜ் ஏற்றும்.

நம்ம ஊரில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

* வெயில்: பானட்டுக்குள் இருக்கும் சூடு பேட்டரியின் ஈயத் தகடுகளை வேகமாக அரிக்கும், உள்ளிருக்கும் நீரையும் குறைக்கும்.
* குட்டிப் பயணங்கள்: பக்கத்துக் கடைக்கு 5 நிமிடம் ஓட்டினால், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.
* சும்மா நிற்பது: கார் அணைந்திருந்தாலும் அலாரமும் கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் எடுக்கும். சார்ஜ் குறைந்த நிலையிலேயே விட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிவிடும்.

சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பரவலாகப் பார்க்கலாம். அதில் 5 வாட் உள்விளக்கை அணைக்க மறந்தால், இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி!

எப்படிச் சோதிப்பது?

மல்ட்டிமீட்டர் போதும். காரைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு பாருங்கள்.

* 12.6 வோல்ட்: முழு சார்ஜ்
* 12.4-க்குக் கீழ்: சார்ஜ் ஏற்ற வேண்டும்
* இன்ஜின் ஓடும்போது: பல கார்களில் 13.8 முதல் 14.5 வரை. 13-க்கும் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். புது பேட்டரி வாங்கினாலும் அதே தொல்லை வரலாம்.

எப்படிப் பராமரிப்பது?

* வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.
* முனைகளில் வெள்ளை, பச்சைப் பொடி படிந்தால், கையுறை அணிந்து சுத்தம் செய்யுங்கள். நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.
* சிக்னலில் இன்ஜின் தானாக அணையும் வசதி உள்ள காரா? அதற்கென உள்ள பேட்டரி வகையையே கேளுங்கள். சாதாரண வகை சீக்கிரம் தேய்ந்துவிடும்.
* இரண்டு ஆண்டைத் தாண்டினால், பெருநாளுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் பட்டறையில் காட்டிவிடுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கவனம்!

சிவப்பு வயரை இரு பேட்டரிகளின் பாசிட்டிவ் முனைகளில் மாட்டுங்கள். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். மறுமுனையை நின்றுபோன காரின் பேட்டரியில் மாட்டாதீர்கள்; தள்ளியிருக்கும் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகலாம். பக்கத்தில் ஒரு தீப்பொறி பறந்தாலே வெடிக்கும். அருகில் சிகரெட்டும் வேண்டாம்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். ஈயமும் அமிலமும் நஞ்சு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.