ஒலியும் செவியும் மூளையும்

காற்றில் எழும் அதிர்வு செவியை அடைவதும், அதனை ஒருவர் கேட்பதும் ஒன்றே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் இவை வெவ்வேறு நிகழ்ச்சிகள். அதிர்வைப் பெற்று மாற்றித் தருவது செவியின் பணி. அதனைச் சொல்லாகவும் இசையாகவும் எச்சரிக்கையாகவும் உணர்வது மூளையின் பணி. இவ்வேறுபாடு உடலியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைக்கு எந்த வயதில் உதவி கிட்ட வேண்டும் என்னும் வினாவுக்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது.

செவிக்குழாய் வழியே வரும் ஒலி செவிப்பறையை அதிரச் செய்கிறது. அதன் பின்னே, நடுச்செவியில், சுத்தி, பட்டடை, அங்கவடி என வடிவத்தால் பெயர்பெற்ற மூன்று சிற்றெலும்புகள் கோக்கப்பட்டுள்ளன. உட்செவி திரவத்தால் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேரே நீர்ப்பரப்பின் மேல் விழுமாயின் அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உட்புகும். கரையில் நின்று கூப்பிடுவது நீருள் மூழ்கியிருப்பவருக்குச் சரியாகக் கேட்பதில்லை அல்லவா? இந்த இழப்பை ஈடுசெய்யவே சிற்றெலும்புகள் அமைந்துள்ளன. செவிப்பறையின் பரப்பு, அங்கவடி அழுத்தும் சிறு சாளரத்தின் பரப்பைப்போல் 15 மடங்குக்கும் மேற்பட்டது. எனவே அழுத்தம் பன்மடங்காகப் பெருகி உள்ளே செல்கிறது. குழந்தைகளின் காதில் சீழ் வடிதலைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் அரித்துவிடக்கூடிய அந்நோய் பெரும்பாலும் மருத்துவத்தால் தீரக்கூடியதே.

உட்செவியில், ஏறத்தாழ இரண்டரைச் சுற்றாகச் சுருண்ட நத்தைக்கூடு போன்ற உறுப்பு உள்ளது. விரித்து நீட்டினால் அதன் நீளம் 35 மில்லிமீட்டர் அளவே. அதனுள் ஓடும் சவ்வு தொடக்கத்தில் குறுகி விறைப்பாகவும், முனையில் அகன்று தளர்வாகவும் உள்ளது. ஆகவே கீச்சொலி தொடக்கத்தருகிலும் கனத்த ஒலி முனையருகிலும் சவ்வை மிகுதியாக அசைக்கின்றன. இதனை ஆய்ந்து கண்ட ஜார்ஜ் வான் பெக்கெசி, புடாபெஸ்ட் நகரில் அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1961ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றார். சவ்வின் அசைவை மின்குறிப்புகளாக மாற்றி மூளைக்கு அனுப்புவன ஒவ்வொரு செவியிலும் உள்ள சுமார் 3,500 உட்புற மயிரணுக்கள். வெளிப்புற மயிரணுக்கள் ஏறத்தாழ 12,000. இவை தாமே நீண்டு சுருங்கி மெல்லிய ஒலியைப் பெருக்குகின்றன. அவ்வாறு இயங்குகையில் செவியே மிக நுண்ணிய ஒலியொன்றை வெளிவிடுகிறது என்பதை 1978ஆம் ஆண்டு டேவிட் கெம்ப் கண்டறிந்தார். மனிதரிடம் இம்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செவிநரம்பின் சுமார் 30,000 இழைகள் கொண்டுசெல்லும் குறிப்புகள் பல நிலையங்களைக் கடந்தே மூளைப் புறணியை அடைகின்றன. ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பது வழியிலேயே, மூளைத்தண்டில் கணிக்கப்படத் தொடங்குகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு செவியை அடைந்து மறுசெவியை அடைய ஆகும் கால வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அவ்வளவே போதுமானது. மூளையின் பங்கு எத்தகையது என்பதைத் தொலைபேசியிலும் காணலாம். வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளை அனுப்புவதில்லை. ஆடவர் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஆயினும் மறுமுனையில் கனத்த ஆண்குரலே கேட்கிறது. வந்துசேர்ந்த மேலதிர்வுகளின் ஒழுங்கிலிருந்து, வராத அடிச்சுரத்தைக் கேட்கும் அமைப்பே வருவித்துக்கொள்கிறது.

இத்திறன்களில் பல பழக்கத்தால் செப்பமடைவன. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்டு டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. இந்தி மொழியின் ‘த’கர, ‘ட’கர ஒலிகளை, ஆங்கிலம் பேசும் இல்லங்களின் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் எளிதில் வேறுபடுத்தின. அத்தகைய இல்லங்களின் 10 முதல் 12 மாதக் குழந்தைகளிடம் அத்திறன் பெரிதும் மறைந்திருந்தது. செவியில் எக்குறையும் இல்லை. கேளாத வேறுபாட்டை மூளை கைவிட்டுவிட்டது.

ஒலியே எட்டாத குழந்தையின் நிலை என்னவாகும்? ஆயிரம் பிறப்புகளில் 1 முதல் 3 குழந்தைகள் வரை செவித்திறன் குறையுடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. முதல் சில ஆண்டுகளில் தூண்டுதல் பெறாத புறணிப் பகுதி பிற புலன்களின் பணிக்குத் திரும்பத் தொடங்குகிறது. பின்னர்ச் செவியைச் சீர்செய்தாலும் மூளை பேச்சைப் பிரித்தறிய இயலாமல் திணறும். இடர் யாதெனில், செவிடான குழந்தையும் முதல் மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். கதவு அறையப்பட்டால் தரையதிர்வை உணர்ந்து திரும்பும். ‘இவன் தந்தையும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று பாட்டி கூறும் ஆறுதலில் ஈராண்டுகள் கழிந்துவிடுகின்றன.

எனவே ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்திற்குள் உதவி என்பது வல்லுநர் வகுத்த நெறி. கெம்ப் கண்ட நுண்ணொலியே இங்குப் பயன்படுகிறது: உறங்கும் சிசுவின் காதில் சிறு முனையைப் பொருத்தி, அவ்வொலி எழுகிறதா எனச் சில நிமிடங்களில் அறியலாம். நரம்பில் உள்ள குறையை இச்சோதனை காட்டாது. அதற்கு மூளைத்தண்டின் மின்குறிப்பைப் பதியும் வேறு சோதனை உண்டு. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006–07இல் முன்னோடியாகத் தொடங்கப்பெற்றது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத்திட்டமும் பிறவிச் செவிட்டுத்தன்மையைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. எனினும் வீட்டில் பிறக்கும் குழந்தையையும், பிறந்த மறுநாளே வீடு திரும்பும் குழந்தையையும் கருவி தேடிச் சென்றடைவது எளிதன்று.

உட்செவியில் பொருத்தப்படும் மின்கருவி 3,500 மயிரணுக்களுக்கு ஈடாக இருபதை ஒட்டிய மின்முனைகளையே தருகிறது. எஞ்சியதை மூளை கற்றாக வேண்டும். அதற்குப் பல மாதப் பேச்சுப் பயிற்சி இன்றியமையாதது. சைகைமொழியைத் தடை என எண்ணுவோரும் உளர். அது சரியன்று, மொழி கண்வழி வந்தாலும் மூளை அதனை மொழியாகவே ஏற்கிறது. இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் டில்லியில் 2015இல் நிறுவப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்கு அரசு நிதி கிடைத்தும், பயிற்சி மையம் தொலைவிலுள்ள நகரில் இருக்குமாயின், வாரந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறி வருவது அக்குடும்பத்தால் எத்தனை மாதம் இயலும் என்பதையும் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.