ஆலோசனையும் ஓர் அமானிதமே!



அபிசீனியா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் யார்? ஹிஜ்ரத் செய்து வந்த நபித்தோழர்களுக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னர் அல்லவா? அந்நாடே இன்று எத்தியோப்பியா எனப்படுகிறது. அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் முஸ்லிம். மக்களில் பெரும்பாலோர் சிறு நிலங்களில் வானம் பார்த்துப் பயிரிடும் உழவர்கள். அவர்களுக்கு வாய்த்துள்ள ஓர் எளிய உதவியையும், அதனுள் அடங்கிய பெரும் பொறுப்பையும் சற்றே சிந்திப்போம்.

2014ஆம் ஆண்டு அந்நாட்டில் 8028 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசிச் சேவை ஒன்று தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இணையம் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்பெறலாம். உழவர் அந்த எண்ணை அழைத்தால், பதிவு செய்யப்பட்ட குரலொன்று அம்ஹாரிக், ஒரோமோ, திக்ரின்யா முதலிய மொழிகளில் பேசும். இன்ன பயிர், இன்ன பருவத்து வேலை என்று பொத்தானை அழுத்திச் சொன்னால், அதற்குரிய குறிப்பு காதில் விழும். கோதுமையைத் தாக்கும் துரு நோய் காற்றில் பரவுவது. அது வரப்போகும் செய்தி சில நாட்கள் முன்னதாகக் கிடைத்தாலே ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு காப்பாற்றப்படும்.

இத்தகைய சேவைகளால் உண்மையில் பயன் உண்டா? ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, மைக்கேல் கிரெமர் உள்ளிட்ட மூவர் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கைப்பேசி வழி ஆலோசனையால் விளைச்சல் சராசரியாக 4 விழுக்காடு உயர்ந்தது என்பது அவர்தம் முடிவு. சிறிய உயர்வுதான். ஆயினும் செலவு மிகக் குறைவாதலால், ஏழை உழவனுக்கு இதுவும் ஒரு பரக்கத்தே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. எத்தியோப்பியரின் அன்றாட உணவான இஞ்சேரா, தெஃப் என்னும் மிக நுண்ணிய தானியத்தால் ஆனது. அதை வாரி இறைத்து விதைப்பதே பரம்பரை வழக்கம். வரிசையாக விதைத்தால் குறைந்த விதையே போதும் என்கின்றனர் நிபுணர்கள். அதற்கான ஆளும் நேரமும் எங்கே என்று கேட்கிறார் உழவர். இக்கேள்வி அறியாமையன்று, அனுபவம்! பதிவு செய்த குரலுக்கோ வாய் உண்டு, செவி இல்லை.

இவ்விடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். மதீனாவில் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்போரைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனால் பயன் விளையும் எனத் தாம் எண்ணவில்லை என்றார்கள். மக்கள் அதைக் கைவிட்டனர், காய்ப்புக் குன்றியது. அதையறிந்த நபியவர்கள், இத்தகைய உலகக் காரியங்களை அம்மக்களே நன்கறிவர் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். அகிலத்தின் ஆசானே உழவரின் அனுபவத்துக்கு இடமளித்திருக்க, பட்டம் பெற்ற நிபுணர் அதைப் புறக்கணிக்கலாமா? ஆலோசனை தவறினால் நட்டம் சொன்னவருக்கு அன்று, கேட்டவருக்கே!

மற்றொரு குறையும் உண்டு. கைப்பேசி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கிறது. களை பறிக்கும் பெண்ணுக்குச் செய்தி சேர்வதில்லை. 2020 நவம்பரில் திக்ரே பகுதியில் போர் மூண்டபோது தொலைபேசித் தொடர்பே அற்றுப்போனது. ஆகவே, கருவி மட்டும் போதாது. ஊரில் நேரில் வந்து வயலைப் பார்க்கும் பணியாளரும் வேண்டும்.

நம் நாட்டிலும் 2004 முதல் கிசான் அழைப்பு மையம் இயங்குகிறது. 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே வினவலாம். நம் இல்லத்துப் படித்த பிள்ளைகள், அண்டை வீட்டு முதிய விவசாயிக்காக அந்த எண்ணை அழைத்துத் தரட்டும். அவர் தம் நிலத்தைப் பற்றிச் சொல்வதை முதலில் செவிமடுக்கட்டும். இரண்டும் நன்மையே.

வல்ல அல்லாஹ் உழைப்போரின் வயல்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.