பாடல் தந்த ஆசிரியர்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



ஜெர்மனி நாட்டு லுத்தரன் ஊர்களில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியரே ஆலயத்தில் பாடலையும் நடத்துவார். அந்த மரபில் வளர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு வந்து, தமிழ் மண்ணிலும் அப்படி ஒருவரை உருவாக்கினார். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார்.

1774ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அவருடைய தந்தை தேவசகாயம் முதலில் கத்தோலிக்கராக இருந்து, பிறகு லுத்தரன் சபையில் சேர்ந்தவர். சிறுவன் வேதநாயகத்தின் அறிவைக் கண்ட சுவார்ட்ஸ் ஐயர், அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று சொந்த மகனைப்போல் வளர்த்தார். பின்னாளில் மன்னரான சரபோஜியும் அதே குருவிடம் பயின்றவர். இருபது வயதுக்குள்ளேயே வேதநாயகம் தஞ்சைப் பள்ளியின் ஆசிரியரானார்.

1800ஆம் ஆண்டில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். தலைவனை எண்ணி ஏங்கும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, வலை விரிக்கும் குறவன் என எல்லாம் நம் ஊர்க் கூத்தில் உள்ளவைதான். ஆனால் இங்கே தலைவன் பெத்லகேம் நாதர், குறத்தி விசுவாசம், வலையோ நற்செய்தி. அதே நூலில் கோள்களையும் உலக நாடுகளையும் பற்றிப் பாடினார். பாட்டுக்குள்ளும் அவர் ஆசிரியராகவே இருந்தார்.

ஆனால் அன்பானவர்களே, அவர் வாழ்வில் ஒரு முள்ளும் உண்டு. 1820களின் இறுதியில் புதிதாக வந்த மறைபணியாளர்கள், ஆலயத்தில் சாதி வேறுபாடு கூடாது, திருவிருந்தில் அனைவரும் ஒன்றாகப் பங்குபெற வேண்டும் என்றார்கள். தமிழ்க் கீர்த்தனைகளுக்கும் தடை சொன்னார்கள். சாஸ்திரியார் இரண்டையும் எதிர்த்து எழுதினார். பள்ளிப் பணியை இழந்தார். சரபோஜி மன்னர்தான் அவருக்கு ஆதரவளித்தார்.

கீர்த்தனைக்காக அவர் வாதாடியது சரி. இறைவனை நம் தாய்மொழியில், நம் இசையில் பாடுவது நம் உரிமை. சாதிக்காக வாதாடியது தவறு. ஆண்டவரின் விருந்தில் பிரிந்து நின்ற கொரிந்து சபையைப் பவுலடியார் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! குறவரைக் கூத்தின் நடுவே நிறுத்திப் பாடிய கவிஞருக்கே, எளியவரோடு ஒரே கிண்ணத்தில் பருகுவது கடினமாக இருந்தது.

அவரைக் குறை கூறும்முன் நம்மைப் பார்ப்போம். நம் பாடகர் குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா? தேர் தூக்க எல்லாத் தோள்களுக்கும் இடமுண்டா? கல்லறைத் தோட்டத்திலாவது நாம் ஒன்றாய் இருக்கிறோமா?

1864இல் தமது 89ஆம் வயதில் சாஸ்திரியார் இறைவனடி சேர்ந்தார். அவர் எழுப்பிய சுவர் நமக்கு வேண்டாம். அவர் கொடுத்த பாட்டு வேண்டும். அதை எல்லாரும் சேர்ந்து, ஒரே குரலாகப் பாடுவோம். அதற்கான அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.