செங்குருதி அணுவின் உருவளவு

நாயினம் ஒன்றிற்குத் தன் பெயரையே ஈந்த ஊர் இராசபாளையம். 2005 சனவரியில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல்தலைகளுள் அவ்வினமும் இடம்பெற்றது. அத்தகைய நாய் ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடக்குமாயின், அதன் குருதி ஆய்வுத் தாளில் ‘எம்.சி.வி.’ என்னும் எண்ணைக் காண வேண்டும். செங்குருதி அணு ஒன்றின் சராசரிக் கொள்ளளவே அது. வளர்ப்போர் பலர் நோக்காது விடும் அவ்வெண், நோயின் வேரைக் காட்ட வல்லது.

குருதியில் செவ்வணுக்கள் 30 விழுக்காடு. அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டரில் 50 இலட்சம் எனக் கொள்வோம். 30ஐப் பத்தால் பெருக்கி, மில்லியன் கணக்கில் 5ஆல் வகுத்தால் 60 ஃபெம்டோலிட்டர் வரும். நாய்க்கு இஃது ஏறத்தாழ இயல்பின் கீழ் எல்லை. மனிதர்க்கு 80 முதல் 100 வரை; நாய்க்கு 60 முதல் 77 வரை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் சுரக்கும் பசுவுக்கோ 40 முதல் 60 வரையே. வெள்ளாட்டுக்கு 16 முதல் 25 வரை. பசு நம்மினும் பெரிது. அதன் அணுவோ சிறிது! ஆகவே 50 என்னும் ஓர் எண் பசுவுக்கு நலம், நாய்க்கு நோய்.

அணு சிறுத்தல் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் நேர்வது. வளர்ந்த நாயில் அக்குறை உணவால் வருவது அரிது. கொக்கிப்புழுவும் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் நெடுநாள் குருதியை உறிஞ்சுவதால் வருவதே மிகுதி. புழுவை நீக்காது இரும்பு மருந்து மட்டும் புகட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியை நபிமொழியில் பயின்ற நமக்கு, இவ்வறிவும் புறம்பானதன்று.

அணு பெருத்திருப்பின், எலும்பு மச்சை இளம் அணுக்களை விரைந்து அனுப்புகிறது எனலாம். இளம் அணு பருமனானது. உண்ணி பரப்பும் பபீசியா நோயில் செவ்வணுக்கள் அழியும்போது இவ்வாறு நிகழலாம். ஆயினும் மச்சை விழித்தெழ மூன்று நான்கு நாள்கள் ஆகும். நேற்று அடிபட்டுக் குருதி இழந்த நாயின் அணு இன்று இயல்பான அளவிலேயே இருக்கும்.

மதுரைக்கு அனுப்பி மறுநாள் ஆயப்பெறும் குருதியில் அணுக்கள் நீர் ஏற்றுப் பருத்துப் பொய்யுரைப்பதுண்டு. சிறியனவும் பெரியனவும் கலந்திருப்பின் சராசரி இயல்பாகவே தோன்றும். ஆதலின் எண்ணோடு நில்லாது, கண்ணாடித் தகட்டில் குருதியைப் பூசி நுண்ணோக்கியிலும் காணுமாறு மருத்துவரைக் கேட்பது நன்று.