சிலை மனிதனும் வானர நாடும்: தீம் பார்க்கின் அடையாளம் தீமுக்குப் பொருந்த வேண்டுமா?

தொண்ணூறுகளில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வளர்ந்தவர்களிடம் "ஸ்கூல் டூர் எங்கே போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும்: வண்டலூர் ஜூ, கிஷ்கிந்தா, விஜிபி.

அங்கே என்ன ஞாபகம் இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால், ஜூவுக்குப் புலி. கிஷ்கிந்தாவுக்குத் தண்ணீர். விஜிபிக்கு யோசிக்கவே வேண்டாம்: "அந்தச் சிரிக்காத மனுஷன்!"

ஜூவில் புலி நினைவில் நிற்பது நியாயம். ஆனால் கிஷ்கிந்தா என்றால் ராமாயணத்தின் வானர நாடு. விஜிபியின் முழுப் பெயர் 'யுனிவர்சல் கிங்டம்', அதாவது ஒரு ராஜ்ஜியம். பெயர் சொல்லும் கதைக்கும் மனதில் நிற்கும் அடையாளத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? இல்லையென்றால் என்ன நஷ்டம்?

அடையாளச் சின்னம் எதற்கு?

1955-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நடுவில் ஒரு கோட்டை இருந்தது. உயரம் வெறும் 77 அடி. நம் ஊர்க் கோயில் கோபுரங்கள் பல அதைவிட உயரம். ஆனால் நுழைவாயிலில் இருந்து நேராகக் கண்ணில் படும்படி அதை வைத்தார்கள். பார்த்தவர் கால் தானாக அந்தப் பக்கம் போகும்.

இப்படி ஆளை இழுக்கும் காட்சிக்கு வால்ட் டிஸ்னி வைத்த செல்லப் பெயர் 'வீனி'. நாயை வரவழைக்கக் காட்டும் சாசேஜ் துண்டுக்கான சொல் அது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கோட்டைக்கு 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்று பெயர். ஆனால் அந்தப் படம் வெளிவந்தது 1959-ல்தான். கோட்டை வந்து நான்கு வருடம் கழித்துத்தான் கதையே திரைக்கு வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தேவதைக் கதை உலகத்துக்கு ஒரு கோட்டை வேண்டும், அது இருந்தது, அவ்வளவுதான்.

பொருந்தாமல் போனால்?

அதே டிஸ்னி நிறுவனம் 1989-ல் ஃபுளோரிடாவில் சினிமாவை மையமாக வைத்து ஒரு பார்க் திறந்தது. பழைய ஹாலிவுட் தெரு, அதன் முடிவில் லாஸ் ஏஞ்சலஸின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரின் நகல். தெருவில் நடந்தால் தியேட்டர் தெரியும். கதை தெளிவாக இருந்தது.

2001-ல் அந்தத் தியேட்டரை மறைத்து 122 அடி உயரத்தில் ஒரு மந்திரவாதித் தொப்பியை நிறுத்தினார்கள். மிக்கி மவுஸ் அணியும் அதே நீலத் தொப்பி. பிரம்மாண்டம்தான், போட்டோவுக்கும் அழகுதான். ஆனால் பழைய ஹாலிவுட் தெருவில் அதற்கு என்ன வேலை என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2015-ல் தொப்பியை அகற்றினார்கள். மறைந்திருந்த தியேட்டர் மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆக, அடையாளம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. பார்க் என்ன கதை சொல்ல வந்ததோ, அதை மறைக்காமலாவது இருக்க வேண்டும்.

கிஷ்கிந்தாவில் தண்ணீர் எதற்கு?

தாம்பரத்துக்கு மேற்கே கிஷ்கிந்தா திறந்தது 1995-ல். தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1984-ல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்தவர். வேடிக்கை காட்டத் தெரிந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காவியத்தில் கிஷ்கிந்தை மலையும் குகையும் காடும் கொண்ட இடம். வாலி, சுக்ரீவன், அனுமன் ஆகியோரின் ஊர். இன்றைய கர்நாடகாவில் ஹம்பி, ஆனேகுந்தி பகுதிதான் அது என்பது நீண்டகால நம்பிக்கை. அங்கே உருண்டை உருண்டையாகப் பாறைகள் குவிந்து கிடக்கும். அந்தப் பெயரில் ஒரு பார்க் என்றால் மலையையும் குரங்கையும்தான் மனம் எதிர்பார்க்கும். ஆனால் போய் வந்தவர்கள் முதலில் பேசியது தண்ணீர் விளையாட்டைப் பற்றி. சென்னை வெயிலுக்கு அதுதான் இழுத்தது.

அப்படியென்றால் பெயருக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. கம்பராமாயணத்தில் கிஷ்கிந்தா காண்டம் தொடங்குவதே பம்பைப் பொய்கையில்தான். அதே காண்டத்தில் கார்காலப் படலம் என்று மழைக்காலத்துக்கே ஒரு பகுதி உண்டு. மழை முடியும்வரை ராமன் காத்திருப்பதுதான் அங்கே கதை. கிஷ்கிந்தைக்குத் தண்ணீர் அந்நியமே இல்லை.

ஆனால் இடுப்பளவு தண்ணீரில் ஆட்டம் போட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பம்பை ஞாபகம் வந்திருக்கும்? பொருத்தம் காகிதத்தில் இருந்தால் பத்தாது. பார்ப்பவருக்குப் புரிய வேண்டும்.

சிரிக்காத மனிதர் எப்படிப் பொருந்தினார்?

தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய் வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். தவணை முறை வியாபாரத்தால் தமிழ்நாடு முழுக்கப் பெயர் எடுத்த வி.ஜி.பன்னீர்தாஸ் அங்கே உருவாக்கியது 'கோல்டன் பீச்'. 'யுனிவர்சல் கிங்டம்' என்ற பெயர் பின்னாளில் வந்தது.

லண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலர்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பன்னீர்தாஸுக்கு, நம்ம ஊரிலும் இப்படி ஒருவரை நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. தலைப்பாகை, மீசை, ராஜ உடையுடன் சிலை மனிதன் வந்தார். கூட்டம் அவர் முன்னால் கோமாளித்தனம் செய்தது, ஜோக் சொன்னது, கெஞ்சியது. அவர் சிரிக்கவில்லை.

டிஸ்னி கோட்டை கதைதான் இங்கேயும். காவலர் முதலில் வந்தார், ராஜ்ஜியம் என்ற பெயர் பிறகு வந்தது. ஆனாலும் கச்சிதமாகப் பொருந்தியது. அரண்மனையே இல்லாவிட்டாலும், வாசலில் ஒரு காவலர் விறைப்பாக நின்றால் உள்ளே ஒரு ராஜா இருப்பதாக மனம் நம்பிவிடும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் கோட்டை செய்யும் வேலையை ஒரு ஆள் செய்தார்.

2020-ல் கொரோனா சமயத்தில் சிலை மனிதன் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. அவர் நலமாக இருக்கிறார் என்ற மறுப்பு வரும்வரை பலர் சொந்தக்காரரை இழந்ததுபோல வருத்தப்பட்டுப் பதிவு போட்டார்கள். எந்த சிமென்ட் கோட்டைக்கும் இது நடக்காது.

அடையாளமே ஒரு மனிதர் என்றால்?

இங்கேதான் பொருத்தம் என்ற கேள்வி கொஞ்சம் கனமாகிறது. கோட்டைக்குக் கால் வலிக்காது. மனிதருக்கு வலிக்கும்.

சிலை மனிதனுக்கு முன்மாதிரியான லண்டன் காவலர்களே பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். இடையில் சில அடிகள் நடக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு. லண்டன் வெயிலும் ஈஞ்சம்பாக்கம் வெயிலும் ஒன்றில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாடும் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. கேரளா 2018-லேயே இதைச் செய்தது. தி.நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால் வலிதான் அந்தத் திருத்தத்தின் பின்னணி. நிற்பதே ஒருவரின் கலை என்று ரசிக்கும் நாமும் அந்தக் கண்ணோட்டத்தோடு பார்ப்பது நல்லது. அவர் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உட்காருகிறார் என்பதும் ஒரு ராஜ்ஜியத்தின் தரம்தான்.

அடுத்த அடையாளம் எது?

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்தது. அங்கே இப்போதைக்கு எல்லோரும் பேசுவது 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டரைப் பற்றி. கால் அந்தரத்தில் தொங்க, தண்டவாளத்துக்குக் கீழே பறக்கும் வகை. பெயர் தஞ்சாவூரை நினைவூட்டுகிறது.

அது பொருத்தமான அடையாளமா என்பதைப் பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய முடியாது. வீட்டுக்குத் திரும்பும் குழந்தையிடம் "என்ன பார்த்தே?" என்று கேட்க வேண்டும். "ராஜா வீட்டுக் காவல்காரரைப் பார்த்தேன்" என்று ஒரு தலைமுறை சொன்னது. இந்தத் தலைமுறை "செம ஸ்பீடு" என்று மட்டும் சொன்னால் ரைடு ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம். பேச்சில் தஞ்சாவூரும் வந்தால்தான் தீமும் ஜெயித்திருக்கிறது.